கோயில் சுவரில் ஒன்பதாவது பெயர்

பெனியாசேக்கா,
12 நவம்பர் 1979

மகாரியோ,

முப்பத்தொன்பது வருஷமாக உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. உன்னிடமிருந்து ஒரு காகிதம் வேண்டும். அது வந்துவிட்டால் மறுபடி எழுதாமல் இருந்துகொள்ளலாம். இரண்டு பேருக்கும் சௌகரியம்.

போரில் ஜெயித்து நாட்டை ஆண்ட ஜெனரல் செத்து நாலு வருஷம் ஆகிறது. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம், குடியரசுப் படையில் இருந்து செத்தவர்களின் மனைவிமாருக்கும் ஓய்வூதியம் கொடுப்பதாக இப்போது சட்டம் போட்டிருக்கிறார்கள். வானொலியில் சொன்னபோது நான் நம்பவில்லை. ஊராட்சிக் கூடத்தைப் பெருக்கப் போன இடத்தில் செயலர் அர்சேனியோ அரசிதழை எடுத்து மேசையில் விரித்தார். "இந்தா ஒரோசியா, இது ஒனக்காகத்தான் எழுதியிருக்கு. பேரு மட்டும்தான் போடல," என்றார்.

உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். 1937இல் எனக்கும் உன் அண்ணனுக்கும் ஊராட்சியில் கல்யாணம் நடந்ததற்கு ஒரு காகிதம் வேண்டும். அது கிடைத்துவிட்டது. பழைய பதிவேட்டில் எலி தின்றது போக எங்கள் பக்கம் மிச்சம் இருந்தது. உன் அண்ணன் குடியரசுப் படையில் இருந்தார், அதில் இருக்கும்போதே செத்தார் என்பதற்கு இன்னொரு காகிதம் வேண்டும். அந்த இடம் வந்ததும் அர்சேனியோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மாதா கோயில் சுவரைப் பார்த்தார்.

"ஒரோசியா, அந்தக் கல்லுல ஒன்பதாவது பேரு யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"கல்லு யாருக்கு வெச்சது?"

"ஜெயிச்சவங்களுக்கு. தேசியப் படைக்காரங்களுக்கு."

"அப்ப நான் என்னன்னு எழுதறது? காலையில இந்தப் பக்கம் செத்தாரு, சாயங்காலம் அந்தப் பக்கம் செத்தாருன்னா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'கடவுளுக்காகவும் ஸ்பெயினுக்காகவும் உயிர் ஈந்தோர்' என்று கல்லில் இருக்கிறது. அதன் கீழே ப்ளாஸ் லஹோஸ் என்று இருக்கிறது. அங்கே அதை வெட்டச் சொன்னவன் நீ. ஆகவே, 'அது நான் சொன்ன பொய், என் அண்ணன் குடியரசுப் படையில் இருந்து தெருயெல் போர்முனையில் இறந்தார்' என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாலு வரி போதும். அலங்காரம் வேண்டாம்.

எனக்கு அறுபத்தாறு ஆகிறது. போன குளிர்காலத்தோடு ஆலிவ் பறிக்கப் போவதை விட்டுவிட்டேன். ஏணியில் முழங்கால் நிற்கவில்லை. பெருக்குவதும் இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

ஒரோசியா


சரகோசா,
20 நவம்பர் 1979

பெனியாசேக்காவின் பேரரசியும், பதினேழு பாதாம் மரங்களின் தனிப்பெரும் தலைவியும், என் அமரர் அண்ணனின் மனைவியுமாகிய ஒரோசியா அண்ணியாரின் திருமுன்னர், சரகோசா மாநகரின் மிகமிகச் சிறிய புகையிலைக் கடைக்குள் அடைபட்டிருக்கும் மகாரியோ மண்டியிட்டு எழுதுவது. மண்டியிட்டது மரியாதைக்காக. இன்னும் எழுந்திருக்காதது மூட்டுவாதத்தால்.

உங்கள் கடிதம் வந்த அன்று இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எப்ரோ ஆறு ஒரு நிமிஷம் ஓடாமல் நின்றது. கடையில் சுருட்டு வாங்கிக்கொண்டிருந்த நீதிபதி அதைத் தவறான முனையில் பற்றவைத்தார். நான் உறையைப் பிரிக்காமல் மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், பேராயரைப் போல நடந்தேன். முப்பத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு முப்பத்தொன்பது பெட்டி பாதாம் மிட்டாய் அனுப்பியிருக்கிறேன், அண்ணி. முப்பத்தொன்பதும் பிரிக்காமல் திரும்பி வந்தன. அவற்றைத் தனியாளாகத் தின்று தீர்த்ததில்தான் என் பற்கள் போயின. மருத்துவர் வேறு காரணம் சொல்கிறார், அவருக்கு வரலாறு தெரியாது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுகிறேன்.

1940. நம் மேயருக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து ஊர் வால்ஹோண்டாவின் கோயில் சுவரில் பதினொரு பெயர். நம் ஊரில் சல்லடை போட்டுத் தேடியும் எட்டுப் பேர்தான் தேறினார்கள், அந்த எட்டில் ஒருவன் மஞ்சள்காமாலையில் போனவன். சந்தையில் என் கோவேறு கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேயர் அழாத குறையாகச் சொன்னார்: "மகாரியோ, எட்டுப் பேர வெச்சுக்கிட்டு ஆளுநர் முன்னால நான் எந்த மூஞ்சியோட நிக்கறது? வால்ஹோண்டாக்காரன் ஊரு முழுக்கச் சிரிப்பானேடா." அதே வாரம்தான் தோற்ற பக்கத்துச் சிவப்புக்காரர் வீடுகள் என்று ஆறு வீடுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். பட்டியலில் ஏழாவது உங்கள் வீடு. என் கண்ணால் பார்த்தேன்.

"ஐயா, எங்க அண்ணன் தெருயெல்ல எல்லைக்கோட்டைத் தாண்டி ஒங்க பக்கம் வந்துட்டான். வந்த அன்னிக்கே செத்துட்டான். அடக்கமான ஆளு, யாருகிட்டயும் சொல்லல," என்றேன்.

மேயர் என்னையும் கழுதையையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒன்பதாவது பெயர் வந்தது, ஏழாவது பூட்டு வரவில்லை. உலக வரலாற்றில் ஒரு செத்தவன் ஒரு வீட்டை இவ்வளவு உறுதியாகக் காவல் காத்ததில்லை.

நோட்டரி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய அலுவலகத்துக்கு எட்டாயிரம் படி ஏற வேண்டும். பாதி வழியில் கழுகுகள் கூடு கட்டியிருக்கின்றன. மேலும் கல்லோடு ஏன் மோத வேண்டும்? சுற்றிக்கொண்டு போகலாமே. எவரிஸ்தோ உயிரோடுதானே இருக்கிறான்? போரில் அண்ணனோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன். அவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும், என் கையெழுத்து எதற்கு?

தங்கள் பாதங்களில் மிட்டாய்ப் பெட்டியை வைக்கும்,
மகாரியோ


பெனியாசேக்கா,
9 டிசம்பர் 1979

மகாரியோ,

எவரிஸ்தோவிடம் போனேன். வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து பாதாம் உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி தெயோதோரா.

"எவரிஸ்தோ, ப்ளாஸ் ஒன்கூட இருந்தாரா, இல்லையா?"

"எங்க?"

"தெருயெல்ல."

"தெருயெல்ல நெறைய பேரு இருந்தாங்க."

"எந்தப் பக்கம்?"

"பனியில பக்கம் எங்க தெரியுது? எல்லாப் பக்கமும் வெள்ளையாத்தான் இருந்துச்சு."

தெயோதோரா சுத்தியலைக் கீழே வைத்தாள். "மனுஷா, காலு வெரலு ரெண்ட அங்க விட்டுட்டு வந்தியே, அது எந்தப் பக்கம் கெடக்குதுன்னாவது அவளுக்குச் சொல்லு."

அவன் இன்னொரு பாதாமை உடைத்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். அன்று காலையில் உன் அண்ணன் ரொட்டி வாங்கிவரப் போனாராம். நாலு பேருக்கு வாங்கிக்கொண்டு திரும்பும்போது குண்டு விழுந்ததாம். ரொட்டியை எடுத்து வந்து தின்றார்களாம். "பசி, ஒரோசியா. தப்பா நெனச்சுக்காத," என்றான். நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் செத்த விதம் நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

"இத எழுதிக் குடு," என்றேன்.

"மாட்டேன். நாளைக்கு இவங்க போயி மறுபடியும் அவங்க வந்துட்டா? நான் பேசினது காத்தோட போயிடும். காகிதம் போவாது."

வற்புறுத்தவில்லை. அவன் மூன்று வருஷம் சிறையில் இருந்தவன்.

நீ வீட்டைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறாய். உண்மைதான். அந்த வீட்டில்தான் இருக்கிறேன். நான் ஏன் நன்றி சொல்லவில்லை என்று உனக்குப் புரியவில்லை, நீ நகரத்துக்குப் போய்விட்டாய். ஒவ்வொரு நவம்பரிலும் ஊரைக் கோயில் முன்னால் நிறுத்தி மேயர் ஒன்பது பெயரையும் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் கையைத் தூக்கி 'ஆஜர்' என்று சொல்ல வேண்டும். பூட்டுப் போட்ட ஆறு வீட்டுப் பெண்களும் அங்கேதான் நிற்பார்கள். எட்டுப் பெயருக்கு அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். ஒன்பதாவதுக்கு என்னைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரைக் கொன்றவர்களின் வரிசையில் வைத்து முப்பத்தைந்து தடவை அவருக்கு ஆஜர் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்திகூட இன்றுவரை என்னோடு பேசவில்லை.

நோட்டரிக்குப் போ.

ஒரோசியா


சரகோசா,
27 டிசம்பர் 1979

மாண்புமிகு அண்ணியாருக்கு,

பெட்டி நாற்பதாவது முறையாகத் திரும்பி வந்தது. அஞ்சல்காரருக்கும் அதற்கும் இப்போது ஒரு பாசம் உண்டாகிவிட்டது. அவர் ஓய்வு பெறும்போது அதற்கும் ஒரு பதக்கம் கொடுப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதை வரலாற்றில் பதிவு செய்யவே இந்தக் கடிதம். என் கடையில் சுருட்டு வாங்கும் கர்னல் ஒருவர் இருக்கிறார். அவர் மீசை முதலில் உள்ளே வந்து, இடம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அவரை அழைக்கும். அவரிடம் விசாரித்தேன். "பழைய படைப் பதிவுங்க எல்லாம் ஆவணக் காப்பகத்துல இருக்கு. போயி கேளும்," என்றார். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்தது. ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் ஜன்னலை மூடினார்கள். மூடியவர் நல்லவர், மூடுவதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னார்.

அண்ணி, ஒரு யோசனை. இந்த விண்ணப்பம், சாட்சி, முத்திரை, வரிசை இதெல்லாம் உங்கள் வயதுக்கு எதற்கு? ஓய்வூதியமாக எவ்வளவு கொடுப்பார்களோ அதை மாதாமாதம் நானே அனுப்பிவிடுகிறேன். அஞ்சலில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டுமானால் உறையில் ஒரு கழுகுச் சின்னம் வரைந்து அனுப்புகிறேன்.

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கடை இருக்கிறது. நான் இருக்கிறேன். யோசித்துப் பாருங்கள்.

மகாரியோ


பெனியாசேக்கா,
18 மே 1980

மகாரியோ,

ஜனவரியில் உன் காகிதம் இல்லாமலேயே விண்ணப்பத்தை அனுப்பினோம். பதில் வந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறார்கள், அப்படியே படியெடுத்து அனுப்புகிறேன்.

'ப்ளாஸ் லஹோஸ். தேசியப் படைக்காக உயிர் ஈந்தவர். மணமாகாதவர். மனைவி: இல்லை. ஈடாக, எஞ்சிய ஒரே உறவினரான சகோதரர் மகாரியோ லஹோஸுக்கு 1943இல் புகையிலைக் கடை உரிமம் வழங்கப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது.'

அர்சேனியோ இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரோசியா, இந்தக் கோப்புப்படி நீ இல்லவே இல்ல."

"அப்ப இந்தக் கூடத்த இத்தன வருஷமா யாரு பெருக்குனா?" என்றேன்.

கழுதைகளை விற்றுக் கடை வாங்கினாய் என்று ஊரே சொல்லும். நானும் நம்பினேன். ஆறு மாசமாக ஆறு ஓடாமல் நின்றதும், படிக்கட்டில் கழுகு கூடு கட்டியதும், நீயே ஓய்வூதியம் அனுப்புவதும் ஏன் என்று இப்போது தெரிகிறது. நோட்டரியிடம் உண்மை சொன்னால் கடை போய்விடும் என்று பயந்திருக்கிறாய்.

கடை உன்னிடம் இருப்பது எனக்கு வலிக்கவில்லை. செத்தவன் பெயரில் யாராவது பிழைத்தால் பிழைத்துவிட்டுப் போகட்டும், அந்தக் காலத்தில் எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் பிழைத்தார்கள். 'மனைவி: இல்லை' என்று எழுதியது யார் கை, அதை மட்டும் சொல். குமாஸ்தாவின் கையா, உன் கையா?

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. சொல்லிவிட்டு விடு.

ஒரோசியா


சரகோசா,
6 ஜூன் 1980

அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கினேன். முதல் மூன்றிலும் ஏதாவது ஓர் ஆறு ஓடாமல் நின்றது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

என் கை.

1943இல் உயிர் ஈந்தவர்களின் வீட்டாருக்குக் கடை உரிமம் கொடுத்தார்கள். ஊரில் கழுதை வியாபாரம் செத்துவிட்டது. நான் பட்டினி கிடந்தேன் என்று எழுதலாம், ஆனால் கிடக்கவில்லை. மெலிந்திருந்தேன், அவ்வளவுதான். சரகோசாவில் ஒரு ஜன்னல் முன்னால் போய் நின்றேன். குமாஸ்தா கேட்டார்.

"செத்தவருக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு. ஊராட்சியில."

"கோயில்ல?"

"இல்லீங்க."

"அப்ப ஆகல. சிவப்புக்காரங்க காலத்துக் கல்யாணம் எல்லாம் செல்லாதுன்னு ஆக்கியாச்சு." அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா அந்தம்மா நேர்ல வந்து மனுப் போட்டா விதிவிலக்கு வாங்கலாம். கடை அவங்க பேருக்குப் போவும். வருவாங்களா?"

"வரமாட்டாங்க," என்றேன். படிவத்தை என் பக்கம் திருப்பினார். மனைவி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நான் எழுதினேன். அந்தப் பேனா நன்றாக எழுதவில்லை, இரண்டு தடவை அழுத்தினேன்.

ஜெயித்தவர்கள் கொடுக்கும் எதையும் அவள் தொடமாட்டாள், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று முப்பத்தேழு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் பேருந்தில் நாலு மணி நேரம். வந்து உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். இதுதான் உண்மை. இதை நான் இதுவரை எழுத்தில் பார்த்ததில்லை, சின்னதாக இருக்கிறது.

நேற்று நோட்டரியிடம் போனேன். முதல் மாடி. பதினாறு படி. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது:

'ப்ளாஸ் லஹோஸ் என் அண்ணன். 1937 பிப்ரவரியில் பெனியாசேக்கா ஊராட்சியில் ஒரோசியா எஸ்கிரிச்சை மணந்தார். குடியரசுப் படையில் சேர்ந்தார். 1938 ஜனவரி 25 அன்று தெருயெல் போர்முனையில் அந்தப் படையில் இருந்தபடியே இறந்தார். வயது இருபத்தாறு. அவர் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. கோயில் சுவரில் அவர் பெயர் இருப்பது நான் சொன்ன பொய்யால். அவருக்கு மனைவி இல்லை என்று 1943இல் நான் எழுதியதும் பொய். அந்தப் பொய்க்குக் கிடைத்த கடையில்தான் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன்.'

நோட்டரியின் எழுத்தர் படித்துவிட்டு, "பெரியவரே, கடைசி வரி தேவையில்ல. ஓய்வூதியத்துக்கும் கடைக்கும் சம்பந்தமே இல்ல. எடுத்துட்டு வேற தாள்ல அடிச்சுத் தரட்டுமா?" என்றார்.

எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு, "இருக்கட்டுங்க, இத்தன தூரம் ஏறி வந்துட்டேன்," என்றேன்.

மகாரியோ


சரகோசா,
30 அக்டோபர் 1980

அண்ணி,

நீங்கள் பதில் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். நடந்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றைக் கடை உரிம அலுவலகத்துக்கும் நானே அனுப்பிவைத்தேன். அனுப்பிவிட்டு, கைது செய்ய வருவார்கள் என்று காத்திருந்தேன். ஜூலையில் பெட்டியில் இரண்டு சட்டை எடுத்து வைத்தேன். ஆகஸ்டில் கம்பளியும் வைத்தேன். யாராவது தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் எழுந்து நின்றேன். வந்தவர்கள் தீப்பெட்டியும் தபால்தலையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் தாங்க முடியவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிமத்தைச் சுவரிலிருந்து எடுத்து, அக்குளில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஓர் இளவயசுப் பெண் இருந்தாள். நகத்தில் பூசிய சாயம் இன்னும் காயவில்லை.

"இது பொய் சொல்லி வாங்குனதும்மா. எடுத்துக்குங்க."

"புதுப்பிக்கறீங்களா, தாத்தா?"

"இல்ல. திருப்பிக் குடுக்கறேன்."

"பொய்யின்னு திருப்பிக் குடுக்கறதுக்குப் படிவம் இல்லயே. யாரு பேரு இது? ஓ, போர்க் காலத்துதா. அந்தக் கோப்பெல்லாம் கீழ்த்தளத்துல தண்ணி புகுந்து போயிடுச்சு. நீங்க நடத்துங்க, யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை, அண்ணி. முப்பத்தேழு வருஷம் நான் பயந்த ஆள் ஒருவன் இருந்தான். அவனுக்கு முகம் வைத்து, மீசை வைத்து, என்னைத் தேடிவரும் காலணிச் சத்தம்கூட வைத்திருந்தேன். அப்படி ஒருவன் கிடையாது. இவ்வளவு பெரிய பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சட்டத்தை மறுபடி மாட்டவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. கடையை நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்.

மகாரியோ


பெனியாசேக்கா,
9 மார்ச் 1981

மகாரியோ,

ஓய்வூதியம் வந்துவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் காகிதத்தை அர்சேனியோ ஊராட்சிக் கூடத்தில் சத்தமாகப் படித்தார். அப்படிப் படிக்கச் சொன்னது நான்தான். எவரிஸ்தோவும் வந்து உட்கார்ந்திருந்தான். படித்து முடித்ததும் எழுந்து, "எங்க போடணும்? மகாரியோவே நெசம் எழுதிட்டான், இதுக்கு மேல நான் எதுக்குப் பயப்படறது?" என்று கையெழுத்துப் போட்டான். ரொட்டி விஷயத்தையும் எழுதச் சொன்னான். அதற்கு இடம் இல்லை என்றார் அர்சேனியோ. ஓரத்தில் எழுதுங்கள் என்றான். ஓரத்தில் இருக்கிறது.

போன மாதம் இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் நாடாளுமன்றத்துக்குள் ஆட்சியைப் பிடிக்கப் படைக்காரர்கள் துப்பாக்கியோடு புகுந்தார்களே, அன்று அவன் என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"ஒரோசியா, என் காகிதம் எங்க?"

"மாட்ரிட்ல."

"திருப்பி வாங்க முடியுமா?"

"இப்பவா?"

என் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தெயோதோரா கோட்டும் ரொட்டியும் கொண்டுவந்தாள். மூன்று பேரும் வானொலியைக் கேட்டோம். எனக்குப் பயமாக இல்லை. களைப்பாக இருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து கையைத் தூக்கி ஆஜர் சொல்ல வேண்டுமா என்று மட்டும் நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அவர்கள் வெளியே வந்ததும் எவரிஸ்தோ கோட்டைப் போட்டுக்கொண்டு, "சரி, அந்தக் காகிதம் அங்கயே கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. தாலுகா ஊர் வங்கியில் போய்ப் படிவம் நிரப்பினேன். கட்டத்தில் 'விதவை' என்று எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார், "எப்பலேர்ந்துங்க?"

"எனக்கா, ஒங்களுக்கா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தேதியை அவரே பார்த்து எழுதிக்கொண்டார்.

கல்லை இன்னும் யாரும் தொடவில்லை. கோயில் சுவர் என்பதால் ஆயரின் அனுமதி வேண்டுமாம். கேட்டு எழுதியிருக்கிறார்கள். பூட்டுப் போட்ட ஆறு வீட்டில் கடைசியாக உயிரோடிருந்தவள் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கல்லில் பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன, பார்த்துப் பேசாமல் இருக்க இனி அங்கே ஆள் இல்லை.

கடையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நடத்து. உனக்குத் தண்டனை வரவில்லை என்று நீ ஏமாந்தாற்போல எழுதியிருக்கிறாய். அதை என்னிடம் எதிர்பார்க்காதே. இத்தனை வருஷம் மனசுக்குள் உன்னைத் தினம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையிலிருந்தும் ஓய்வு வேண்டும்.

இன்னும் ஒன்று. உன் காகிதத்தில் அவருக்கு வயது இருபத்தாறு என்று எழுதியிருக்கிறாய். இருபத்தைந்துதான். பிப்ரவரி மூன்றாம் தேதி பிறந்தநாள், அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார். அர்சேனியோ கண்டுபிடித்து, "திருத்தணும்னா மறுபடியும் நோட்டரிகிட்ட போயி, மறுபடியும் அனுப்பி, ஆறு மாசம் ஆவும். என்ன செய்ய?" என்று கேட்டார்.

விடுங்கள் என்றேன். உன் காகிதத்திலாவது அவர் ஒரு வயது கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரோசியா